ஐந்து அச்சு பிரிண்டர் வாங்கினால் இந்த நெம்புகோல் முறியாமல் நிற்குமா?

ஆமர்வீதிப்பட்டறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கொழும்பு ஆமர் வீதிக்குப் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தேயிலைப் பொதியிடும் தொழிற்சாலைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் உதிரிப்பாகம் செய்து கொடுப்பது எங்கள் தொழில். 2021 இல் ஒரு சாதாரண முப்பரிமாண பிரிண்டரை வாங்கிப் போட்டோம். அடுத்த ஆண்டு டொலர் தட்டுப்பாட்டினால் வெளிநாட்டு உதிரிப்பாகங்கள் வராமல் நின்றபோது, அந்தச் சிறிய இயந்திரம்தான் எங்கள் வாடிக்கையாளர்கள் சிலரின் பொதியிடும் வரிசை நிற்காமல் ஓட உதவியது. அப்போது பிடித்த வேலையை இன்றுவரை விடவில்லை.

இப்போது என்னை அலைக்கழிப்பது ஒரே ஒரு பாகம். பொதியிடும் இயந்திரத்தில் வரும் எல் வடிவ நெம்புகோல் அது. ஒரு கை 140 மில்லிமீற்றர் நீளம், மற்றது அதில் பாதி, இரண்டும் சந்திக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி 25 மில்லிமீற்றர் உயரத்தில் ஒரு முளை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மூலப் பாகம் வார்ப்பு அலுமினியம். நாங்கள் காபன் துகள் கலந்த நைலோனில் பிரிண்ட் செய்தோம். படுக்க வைத்துப் பிரிண்ட் செய்தால் முளை அடியோடு கழன்று வருகிறது. முளையைக் காப்பாற்ற எண்ணி விளிம்பில் நிறுத்திச் செய்தால், நிமிர்ந்து நின்ற கை முறிகிறது. முறிந்த முகத்தைப் பார்த்தால், ஏட்டுக்கட்டிலிருந்து ஒரு ஏட்டை உருவி எடுத்தது போல அத்தனை வழுவழுப்பு.

இந்த நிலையில் வெளிநாட்டு உற்பத்தியாளர் ஒருவரின் முகவர் பட்டறைக்கு வந்தார். அவர்களின் ஐந்து அச்சு இயந்திரத்தில், வழமையான மூன்று திசை நகர்வோடு தட்டும் இரண்டு அச்சுகளில் சாய்ந்து சுழலும், தொடர்ச்சியான காபன் நாரையும் இடும், அதில் வரும் பாகம் அலுமினியத்தைவிட வலிமையானது என்று சொன்னார். (இங்கே ‘அச்சு’ என்று நான் எழுதுவது கணிதப் பாடத்து அச்சு, அச்சடிப்பதைப் ‘பிரிண்ட்’ என்றே எழுதுகிறேன், இல்லாவிட்டால் இரண்டும் கலந்துவிடும்.) விலையைக் கேட்ட பிறகு இரண்டு இரவுகள் உறக்கம் இல்லை. வங்கிக் கடன் எடுத்தால்தான் முடியும். அச்சுகள் கூடினால் வலிமை கூடும் என்பது உண்மையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கட்டுபெத்தைக்காரன்

வணக்கம் ஐயா. பொருளியல்புப் பொறியியல் கற்றவன், சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். உங்கள் விவரிப்பிலேயே பாதி விடை இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நெம்புகோலின் நீண்ட கை, குட்டைக் கை, முளை ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளில் போகின்றன. எந்தப் பக்கமாகப் படுக்க வைத்தாலும் மூன்றில் ஒன்று நிமிர்ந்தே நிற்கும், நிமிர்ந்து நிற்பதே முறியும். நீங்கள் செய்த இரண்டு முயற்சிகளிலும் தவறு உங்களுடையது அல்ல. படை மேல் படையாக ஒரே திசையில் அடுக்கும் எந்த இயந்திரத்துக்கும் இந்தப் பாகம் ஒரு பொறிதான். சாய்த்து 45 பாகையில் வைத்தால் மூன்று கைகளும் ஓரளவு பலவீனமாகும், அவ்வளவுதான்.

நிமிர்ந்து நிற்பது ஏன் முறிகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முகவர்கள் இந்த இடத்தைத்தான் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். நொசிலில் (பிளாஸ்டிக்கை உருக்கி வெளிவிடும் முனை) இருந்து வரும் சூடான இழை, ஏற்கெனவே ஆறிப்போன இழையின் மீது விழுகிறது. இரண்டும் உண்மையாக ஒட்ட வேண்டுமானால், தொடும் முகத்தின் வெப்பநிலை அந்தப் பிளாஸ்டிக்கின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்கு (விறைப்பு விட்டு இளகத் தொடங்கும் வெப்பநிலை) மேலே போதிய நேரம் நின்று, ஒரு பக்கத்து மூலக்கூற்றுச் சங்கிலிகள் மறுபக்கத்துக்குள் ஊர்ந்து சென்று பின்னிக்கொள்ள வேண்டும். பீக் என்ற, அதிக வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கில் அந்த வெப்பநிலை ஏறக்குறைய 143 பாகை செல்சியஸ், உருகுநிலை 343 பாகை; ஆகவேதான் அதற்குச் சூடான அறை கொண்ட இயந்திரம் தேவைப்படுகிறது. பின்னல் முடிவதற்குள் இழை ஆறிவிட்டால் கிடைப்பது பிணைப்பு அல்ல, வெறும் ஒட்டு. போதாததற்கு இழைகள் முட்டை வடிவாக நசுங்கிப் படிவதால் அவற்றுக்கிடையே நுண்ணிய வெற்றிடங்கள் விடுபடுகின்றன. ஒவ்வொன்றும் பிளேட்டால் கீறிய தழும்பு போலத் தகைப்பைத் (ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை) தன்னிடம் குவித்துக்கொள்கிறது. நீங்கள் பார்த்த வழுவழுப்பான முறிவு முகத்தின் பொருள் இதுதான்: பொருள் அறுபடவில்லை, ஒட்டு விட்டிருக்கிறது.

காபன் துகள் கலந்த நைலோன் இங்கே உங்களைக் கைவிட்டதற்கும் காரணம் உண்டு. அந்தத் துகள்கள் உண்மையில் குறு நார்கள்; அவை நொசிலின் வழியே வரும்போது ஓட்டத்தின் திசையிலேயே நீட்டிப் படுத்துவிடும். இழையின் நீளத்தில் விறைப்பு நன்றாகக் கூடும், ஆனால் ஒரு படையிலிருந்து அடுத்த படைக்கு எந்த நாரும் பாலம் போடுவதில்லை. எனவே துகள் கலந்த பொருளில் திசைக்குத் திசை உள்ள வேறுபாடு குறைவதற்குப் பதிலாக அதிகரிக்கிறது.

இந்தக் குறை இம்முறையோடு பிறந்தது. இம்முறையைக் கண்டுபிடித்த ஸ்கொட் கிரம்ப் 1989 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த நாளிலிருந்து, உருக்கிய இழையைப் படை படையாக இடும் முறையின் அடிப்படை மாறவில்லை. பல அச்சு இயந்திரம் செய்வது ஒட்டை வலுப்படுத்துவது அல்ல. இழை ஓடும் திசையை நாம் தேர்ந்தெடுக்க விடுவது. உங்கள் முளையில், நடுப்பகுதியை வழமை போல அடுக்கிய பிறகு தட்டைச் சாய்த்து, கையின் மேற்பரப்பிலிருந்து தொடங்கி முளையின் மேல்நோக்கி ஏறும் இழைகளை ஒரு தோல் போலப் போர்த்தினால், முளையை வளைக்கும் விசை ஒட்டை இழுப்பதற்குப் பதிலாக இழையின் நீளத்தை இழுக்கும். வலிமை அங்கிருந்து வருகிறது. அந்தத் தோலை எங்கே, எந்தத் திசையில் போர்த்துவது என்று யாராவது தீர்மானிக்காவிட்டால், ஐந்து அச்சு இயந்திரமும் உங்கள் பழைய இயந்திரம் செய்ததையே செய்யும்.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: அச்சுகள் கூடினால் வலிமை தானாகக் கூடாது, விசை போகும் வழியில் இழை போனால் கூடும்.

நாரும்பிசினும்

மேலே சொன்னவர் நன்றாக விளக்கிவிட்டார். நான் பதினான்கு ஆண்டுகளாக நார் வலுவூட்டிய பிளாஸ்டிக்கில் படகு உடல்களும் குழாய்களும் செய்பவன், எனவே ‘அலுமினியத்தைவிட வலிமை’ என்ற பேச்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்தப் பேச்சு பொய் அல்ல, ஆனால் அரைகுறை. பட்டறைகளில் அதிகம் புழங்கும் 6061-டி6 அலுமினியத்தின் இழுவை வலிமை ஏறக்குறைய 310 மெகா பஸ்கால். எந்தத் திசையில் வெட்டிப் பார்த்தாலும் அதற்கு அண்மித்த எண்ணே வரும். தொடர் காபன் நார் இட்ட பிளாஸ்டிக்கை நார் ஓடும் திசையில் இழுத்தால் அதைவிடப் பல மடங்கு கூடத் தாங்கும். அதே துண்டை நாருக்குக் குறுக்காக இழுத்தால் சில பத்து மெகா பஸ்காலில் பிளந்துவிடும், ஏனெனில் அப்போது தாங்குவது நார் அல்ல, நாரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக். நசுக்கும் விசையிலும் நார் நெளிந்துவிடுவதால் இழுவையில் காட்டும் எண் அங்கே கிடைக்காது. ஆகவே ஒரு எண்ணை யாராவது உங்களிடம் காட்டினால், ‘எந்தத் திசையில், இழுவையிலா நசுக்கலிலா’ என்று உடனே கேளுங்கள்.

தொடர் நார் இடும் பிரிண்டர் புதிது அல்ல. மார்க்போஜ்ட் நிறுவனம் 2014 இலேயே அதை அறிமுகப்படுத்தியது. ஆனால் அந்த வகையில் நார் தட்டுக்குச் சமாந்தரமான தளத்தில்தான் படுக்கும், செங்குத்துத் திசைக்கு நார் கிடைக்காது. நாரைத் தளத்திலிருந்து எழுப்பி வளைந்த பரப்பின் மீது இடுவதற்குத்தான் சாயும் தட்டும் ரோபோக் கையும் வேண்டியிருக்கின்றன.

பல அச்சு உண்மையில் எங்கே பயன் தரும் என்பதற்கு என் வேலையிலிருந்து ஓர் உதாரணம். உள்ளழுத்தம் தாங்கும் மெல்லிய சுவர்க் குழாயில், சுற்றுத் திசையிலான தகைப்பு நீளவாட்டுத் தகைப்பைப் போல இரு மடங்கு. இந்த இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை நாரால் மட்டுமே சமாளிக்க வேண்டுமானால், குழாயின் நீளத்துக்கு 54.7 பாகையில் இரு பக்கமும் குறுக்கும் மறுக்குமாகச் சுற்ற வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. நார் சுற்றிய அழுத்தக் குழாய்களை 55 பாகையில் சுற்றும் வழக்கம் அங்கிருந்து வந்தது. நேர்க் குழாயைச் சுற்ற ஒரு சுற்று இயந்திரம் போதும். வளைவுக் குழாயையோ, நடுவில் கிளை பிரியும் குழாயையோ அப்படிச் சுற்ற முயன்றவர்களுக்குத் தெரியும், நார் வளைவின் உட்புறத்தில் தளர்ந்து தொங்கும். வளைவோடு திரும்பிப் போகும் நொசிலால் உருகிய பிளாஸ்டிக்கோடு நாரையும் அந்தந்த இடத்திலேயே ஒட்டி வைக்க முடியும். உங்களுக்கு இப்படிப்பட்ட குழாய் வேலைகள் வருமானால் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். ஒரு நெம்புகோலுக்காக மட்டும் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொன்று. நைலோனை எப்படி வைத்திருக்கிறீர்கள்? நைலோன் 6 நீரில் ஊறினால் தன் எடையில் 9 சதவீதம் வரை நீரைக் குடிக்கக்கூடியது. கொழும்பின் காற்றில் உறையைப் பிரித்து ஓர் இரவு வைத்தாலே போதும், மறுநாள் நொசிலில் சடசட என்று பொரியும் சத்தம் கேட்கும். அது நீராவி. படைகளுக்கிடையே குமிழி விட்டு ஒட்டை இன்னும் கெடுக்கும். 80 பாகையில் பல மணி நேரம் உலர்த்தி, உலர்த்தும் பெட்டியில் இருந்தபடியே இயந்திரத்துக்கு ஊட்டிப் பாருங்கள். புதிய இயந்திரம் வந்தாலும் இந்த ஈரம் உங்களை விடாது.

பாதைவகுப்பாளர்

நான் ஐந்து அச்சு வெட்டும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதுபவன். பிரிண்டரிலும் இரண்டு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். உற்பத்தியாளர்கள் விற்பது இயந்திரம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் வாங்க வேண்டியது அதனோடு வரும் பாதை வகுக்கும் மென்பொருள். இரும்புச் சட்டமும் மோட்டர்களும் இன்று எவராலும் பொருத்தக் கூடியவை. 2022 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், பலரிடமும் உள்ள புரூசா ஐ3 பிரிண்டரை ஐந்து அச்சாக மாற்றும் திட்டத்தைத் திறந்த வடிவில் வெளியிட்டார்கள். ஸ்ட்ராட்டசிஸ் நிறுவனம் 2016 இலேயே சிக்காகோ கண்காட்சியில் எட்டு அச்சு ரோபோவைக் கொண்டு பிரிண்ட் செய்து காட்டியது. இயந்திரத்தை அசைப்பது அன்றே முடிந்த காரியம். ஒவ்வொரு புதிய பாகத்துக்கும் மோதாமல், நிற்காமல், சரியான அளவு பிளாஸ்டிக்கை விட்டுக்கொண்டு போகும் பாதையை வகுப்பதுதான் இன்னும் கடினம்.

உங்கள் முளையையே எடுத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் ஏறும் இழையை இட, நொசில் முளையின் பரப்புக்குச் செங்குத்தாக, அதாவது கையின் மேற்பரப்புக்குச் சமாந்தரமாகப் படுக்க வேண்டும். நொசில் ஊசி போன்றது அல்ல. அதன் பின்னால் சூடேற்றும் கட்டையும் காற்றாடியும் இருக்கின்றன. முளையின் அடியை நெருங்கும்போது அந்தத் தோள்பட்டை கையின் மீது இடிக்கும். முறிவதோ சரியாக அந்த அடியில்தான்! எனவே மூலையில் பெரிய வளைவு விட்டு, நொசிலை 45 பாகை அளவில் சாய்த்து அந்த வளைவின் மீது இழையை வழியவிட வேண்டும். அதாவது பாகத்தின் வரைபடத்தையே மாற்ற வேண்டும். பொதியிடும் இயந்திரத்தினுள் அந்தப் பெரிய வளைவுக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்.

அடுத்தது, நொசிலின் திசை சுழலும் தட்டின் அச்சோடு ஒரே கோட்டில் வரும் இடம். அங்கே ஒரு சிறு சாய்வு மாற்றத்துக்குக் கூடத் தட்டு அரைச் சுற்றுச் சுழல நேரிடும். தட்டு சுழன்று முடியும் வரை நொசில் ஒரே இடத்தில் நின்றால் அங்கே பிளாஸ்டிக் கட்டியாகத் திரளும். நான் செய்த முதல் பாகத்தில் உச்சியில் மிளகளவு கட்டி ஒன்று இருந்தது, அதைத் தொட்டே அடுத்த படை முழுவதும் தடம் புரண்டது. நல்ல மென்பொருள் அந்த இடத்தை முன்கூட்டியே கண்டு பாதையைச் சற்று விலக்கும். வளைந்த படைகளில் தடிப்பும் இடத்துக்கு இடம் மாறுவதால், வெளிவிடும் பிளாஸ்டிக்கின் அளவையும் கணத்துக்குக் கணம் மாற்ற வேண்டும்.

உற்பத்தியாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுவது: பாதையை நம் கையால் திருத்த முடியுமா, அல்லது மென்பொருள் தருவதை அப்படியே ஏற்க வேண்டுமா, ஜி-கோட் (இயந்திரத்தை நகர்த்தும் கட்டளை வரிகள்) திறந்ததா, மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா டொலரிலா, மூன்றாம் தரப்பு இழைகளை அனுமதிப்பார்களா, சுழலும் தட்டின் தாங்கி தேய்ந்தால் கொழும்பில் யார் மாற்றுவார்கள். 2022 ஐக் கடந்து வந்த நமக்கு டொலர்ச் சந்தா என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

தெமட்டகொடை லேத்

அண்ணா, நானும் உங்களைப் போல லேத்காரன். முளையை ஏன் பிரிண்ட் செய்கிறீர்கள்? முளையை மட்டும் அடியில் அகன்ற விளிம்போடு எஃகில் கடைந்து, கையைப் படுக்க வைத்துப் பிரிண்ட் செய்து, எம் 6 போல்ட்டுகளால் ஊடுருவிப் பிணையுங்கள். பின்பக்கம் அகலமான வொஷர் போடுங்கள். நைலோன் காலப்போக்கில் அமுங்கித் தளரும் என்பதால் ஒரு வாரம் ஓடிய பின் மறுபடி இறுக்க வேண்டும். நாங்கள் இப்படித்தான் ஒரு லேபல் ஒட்டும் இயந்திரத்தின் கையைச் செய்தோம்.

ஆமர்வீதிப்பட்டறை

நேரம் ஒதுக்கி எழுதிய எல்லோருக்கும் நன்றி. தெமட்டகொடைத் தம்பி சொன்னதை வாசித்ததும், முப்பது வருடமாகக் கடைசல் வேலை செய்யும் எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று வருந்தினேன். பிரிண்டர் வந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே துண்டாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் மனதில் ஊன்றிவிட்டது. நேற்றே முளையை எஃகில் கடைந்தாயிற்று. நைலோனை உலர்த்தி வைத்திருக்கிறேன். அந்தப் பொரியும் சத்தம் எங்கள் பட்டறையிலும் நெடுநாளாக இருந்தது, அது இயந்திரத்தின் இயல்பு என்றே பையன்கள் எண்ணியிருந்தார்கள்.

ஆனாலும் பல அச்சு இயந்திரத்தை நான் மறந்துவிடவில்லை. ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் சாயப் பகுதிக்கு, கிளை பிரியும் வளைவுக் குழாய்கள் ஆண்டுதோறும் வேண்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு அளவு, வார்ப்பு செய்தால் கட்டுப்படியாகாது. நாரும்பிசினும் எழுதியது என்னை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறது. முகவரிடம் அந்தக் குழாயின் வரைபடத்தைக் கொடுத்து, அழுத்தத்தையும் வெப்பநிலையையும் எழுதி, உற்பத்தியாளரே மூன்று துண்டுகள் செய்து அனுப்பட்டும் என்று கேட்கப் போகிறேன். அவற்றை இங்கே சோதிக்க முடியுமா? எந்த முறையில் சோதிப்பது?

கட்டுபெத்தைக்காரன்

முடியும். மூன்று குழாய்களில் இரண்டை நீரழுத்தத்தில் வெடிக்கும் வரை சோதியுங்கள்; காற்றில் ஒருபோதும் வேண்டாம், சிதறினால் உயிருக்கு ஆபத்து. மூன்றாவதை வெட்டி, சுற்றுத் திசையில் சில கீற்றுகளும் நீளவாட்டில் சில கீற்றுகளும் எடுத்து இழுவைச் சோதனை செய்ய வேண்டும். கூடவே, அதே பொருளில் அதே வெப்பநிலையில் தட்டையாகவும் நிமிர்த்தியும் செய்த ஐஎஸ்ஓ 527 (பிளாஸ்டிக்கின் இழுவைச் சோதனைக்கான சர்வதேச நியமம்) சோதனைத் துண்டுகளை, திசைக்கு ஐந்து வீதம் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு திசைக்கும் உள்ள இடைவெளிதான் அந்த இயந்திரத்தின் ஒட்டு எத்தகையது என்று காட்டும். துண்டுகளை அனுப்பத் தயங்கும் உற்பத்தியாளரோடு மேலே பேசாதீர்கள்.

அம்ஸ்டர்டாமில் ரோபோக் கைகள் உருக்கொட்டி அடுக்கிச் செய்த எம்எக்ஸ்3டி நிறுவனத்தின் எஃகுப் பாலம் 2021 ஜூலையில் திறக்கப்படும் முன், அதன் உலோகத்தையும் திசைவாரியாக வெட்டிச் சோதித்தார்கள். பாலத்துக்குத் தேவைப்பட்டது சாயக் குழாய்க்கும் தேவை, அதில் ஓடுவது சூடான சாயநீர் என்பதால்.

சாயநீரின் வெப்பநிலை எவ்வளவு, அதில் அமிலமோ காரமோ இருக்கிறதா என்று எழுதுங்கள். நைலோன் அமிலத்தில் சிதையும். அப்படியானால் பொருளையே மாற்ற வேண்டிவரும், உற்பத்தியாளரிடம் கேட்கும் முன் அதைத் தீர்மானிப்போம். முறிந்த நெம்புகோல்களையும் எறிந்துவிடாதீர்கள், அந்த முறிவு முகங்களை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஆமர்வீதிப்பட்டறை

95 பாகை வரை போகும் என்கிறார்கள். அமிலம் பற்றித் தொழிற்சாலையில் கேட்டு எழுதுகிறேன். முறிந்த துண்டுகள் ஏழு இருக்கின்றன, எந்த வாக்கில் பிரிண்ட் செய்தது என்று ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எழுதி அனுப்பி வைக்கிறேன்.